பின்னைக் கழட்டிட்டா பாக்கெட் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாமா?

நொய்யல்கரை:
ரெண்டு நாளா நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு சேதி சுத்திட்டு இருக்குதுங்க. "அப்பாரு காலத்துப் பாக்கெட் பிஸ்டல் வீட்டுல இருந்தா ஃபயரிங் பின்னைக் கழட்டிருங்க. நூறு வருசமும் ஆயிருந்தா அது பழம்பொருள், லைசென்ஸே தேவையில்லை"ன்னு. ஃபயரிங் பின்னுங்கிறது தோட்டாவோட அடியில குத்தி வெடிக்க வைக்கிற ஊசிங்க. இதை நம்பி உள்ள போறவன் நம்ம ஊர்க்காரனாத்தான் இருப்பான். 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவைப் படிச்சுட்டு எழுதோணும். பழைய மாடலோ, பழம்பொருளோ, பழுதானதோ, எதுவா இருந்தாலும் பழுது பார்த்தாக்கூடச் சுட முடியாதுங்கிற நிலையில இருந்தாத்தான் விலக்கு. பின் இல்லாத பிஸ்டலைப் பழுது பார்க்க முடியாதுங்களா?

காங்கேயத்தான்:
அதை எழுதினதே நாந்தானுங்க. பின் இல்லாட்டி சுடாது. சுடாதது துப்பாக்கி இல்லை, இரும்புத்துண்டு. இதுல என்னங்க குழப்பம்?

நொய்யல்கரை:
எழுதினவரே வந்தது நல்லதாப் போச்சு. பெல்ஜியத்து எஃப்.என் கம்பெனியோட 1906 மாடல் பாக்கெட் பிஸ்டலை எடுத்துக்குவோம். தோட்டா அளவு 6.35 மில்லிமீட்டர், அதாவது .25 அங்குலம். தோட்டா அடுக்கற மேகசினை உருவி, குழலோட பின்முனையில தோட்டா நிக்கிற அறையான சேம்பர்ல எதுவும் இல்லைன்னு கண்ணால பார்த்துட்டு, மேல நகர்ற ஸ்லைடைப் பின்பக்கமா இழுத்துப் பேரலைத் திருப்பினா அதோட பல்லு பிரேமை விட்டு விலகும். ஸ்லைடு முன்பக்கமாக் கழண்டு வந்திரும். பின்னு, அதுக்குப் பின்னால இருக்கிற ஸ்பிரிங்கு, ஸ்பிரிங்குக்குள்ள நிக்கிற குச்சி, மூணும் கூடவே கைக்கு வரும். திருப்புளி கூட வேண்டாமுங்க. கழட்ட ஒரு நிமிசம்னா மாட்டறதுக்கு எத்தனை நேரம் ஆகும்? இதையா ஸ்டேஷன்ல போயி "பழுது பார்த்தாலும் சுடாதுங்க"ன்னு சொல்லுவீங்க?

கோபி வாய்க்கால்:
கணபதியிலயும் பீளமேட்டுலயும் பம்புக்கு ஷாப்ட் கடைஞ்சு குடுக்கிற ஊருங்க கோயமுத்தூரு. இங்க உக்காந்துட்டு ஒரு பின்னு கிடைக்காதுன்னு எந்தக் கோர்ட்டுல சொல்றது?

காங்கேயத்தான்:
கடைஞ்சாத்தானே? கடையாத வரைக்கும் பின் இல்லை. சுடாது. நான் சொன்னது அவ்வளவுதான்.

நொய்யல்கரை:
"கடையாத வரைக்கும்"னு சட்டத்துல இல்லீங்களே! அப்பறம் அந்தப் பின்னை டப்பாவுல போட்டு பீரோவுல வெச்சிருப்பீங்க. ஆயுதம்ங்கிற சொல்லுக்குள்ளயே அதோட பாகங்களையும் சேர்த்துத்தான் சட்டம் எழுதியிருக்குது. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா முன்ன ஒண்ணு முதல் மூணு வருசம். 2019 திருத்தத்துக்கு அப்பறம் ரெண்டு முதல் அஞ்சு வருசம்.

உடுமலை மலர்:
நூறு வருசக் கணக்கும் தப்புங்கண்ணா. 1906-ங்கிறது மாடல் பேரு. அதே மாடலை அதுக்கப்பறமும் பல வருசம் செஞ்சாங்க. பிடிக்குப் பின்னால அமுக்கற கிரிப் சேஃப்டி இருந்தா 1906. அது இல்லாம, எஃப்.என்னுன்னு பொறிச்ச சின்னப் பிஸ்டலா இருந்தா அது பெரும்பாலும் 1931-ல வந்த பேபி. அதுக்கு இன்னும் நூறே ஆகலை.

காங்கேயத்தான்:
வயசை விடுங்கம்மா. பின் இருக்குதா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லுங்க.

நொய்யல்கரை:
போன தடவை பிடியில எஃப்.என் எழுத்து பொறிச்சிருந்த பிஸ்டலை அமெரிக்கக் கோல்ட் கம்பெனியோடதுன்னு சாதிச்சவர் இவர்தானே? ரெண்டையும் வடிவமைச்சவர் ஜான் பிரவுனிங். அதனால சாடை ஒண்ணா இருக்கும். கோல்ட்டோடது 1908, அதுல குதிரை முத்திரை இருக்கும். அன்னைக்கும் ஒத்துக்கலை, இன்னைக்கும் ஒத்துக்க மாட்டாரு.

காங்கேயத்தான்:
பழசைக் கிளறாதீங்க. நாங்க மூணு தலைமுறையா இதையெல்லாம் பார்த்தவங்க. செக்குத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, தோலுறையில போட்டு வெச்சா காலத்துக்கும் கெடாது. புஸ்தகம் படிச்சு வர்ற அறிவில்லைங்க இது.

கோபி வாய்க்கால்:
தேங்காயெண்ணெயா? கெரகமே!

நொய்யல்கரை:
மார்கழி விடியால உங்க வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்க. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுக்கும். நாள்பட்டாக் காறிப்போயி, தூசியோட சேர்ந்து பின் ஓடற துவாரத்துல பிசினாட்டம் ஒட்டிக்கும். பின் மெதுவா நகரும், தோட்டாவுல பள்ளம் மட்டும் விழும், வெடிக்காது. தையல் மிஷின் எண்ணெயைத் துணியில தொட்டு மெல்லிசாத் தடவி, மிச்சத்தைத் துடைச்சிருங்க. தோலுறை அதைவிட மோசம். பதனிட்ட தோல்ல இருக்கிற உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து, உறை ஒட்டியிருக்கிற பக்கமாப் பார்த்துப் புள்ளி புள்ளியாத் துரு ஏத்தும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா நீலப் பூச்சும் போச்சு, நம்பரும் மங்கிரும். நம்பர் மங்கினா லைசென்ஸ் புஸ்தகத்தோட எப்படி ஒத்துப் பார்ப்பாங்க?

காங்கேயத்தான்:
காங்கேயத்துக்காரனுக்குத் தேங்காயெண்ணெயப் பத்திப் பாடம் எடுக்காதீங்க.

உடுமலை மலர்:
எண்ணெய்ச் சண்டை இருக்கட்டுங்கண்ணா. அப்புச்சி தவறிட்டா பேரன்மாருங்க என்ன செய்யோணும்னு யாராச்சும் சொல்லுங்க.

நொய்யல்கரை:
21-ஆம் பிரிவுப்படி தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோணும். அப்பறம் வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம் வெச்சு மனுப் போடோணும். கோவை மாநகருக்குள்ளன்னா கமிஷனர் ஆபீஸ், வெளியன்னா கலெக்டர் ஆபீஸ். 2016 ஆயுத விதிகள்ல 25-ஆம் விதி, லைசென்ஸ்தாரர் உயிரோட இருக்கையிலயே மாத்தித் தரவும் வழி வெச்சிருக்குது. அவருக்கு 70 வயசு ஆகோணும், இல்லாட்டி 25 வருசம் வெச்சிருந்திருக்கோணும். இன்னொண்ணு, 2019-க்கு அப்பறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு. ஏற்கெனவே இரட்டைக்குழலும் ஒரு .32 ரிவால்வரும் இருந்தா, பிஸ்டலை வேற வாரிசு பேருல கேளுங்க.

கோபி வாய்க்கால்:
அதுக்கு முன்ன சேம்பரைப் பார்க்கச் சொல்லுங்க. மேகசினை உருவிட்டாக் காலின்னு நினைச்சுக்கறாங்க. ஆரம்பத்துல வந்த 1906-ல, மேகசினை உருவினா சுடாமத் தடுக்கிற மேகசின் சேஃப்டி கிடையாது. சேம்பர்ல ஒண்ணு நின்னா, மேகசின் இல்லாமலே வெடிக்கும்.

காங்கேயத்தான்:
பின்னைக் கழட்டிட்டா எப்படிங்க வெடிக்கும்? அதைத்தானே நானும் முதல்ல இருந்து சொல்லிட்டு இருக்கறேன்.

நொய்யல்கரை:
ஸ்லைடை இழுத்தாத்தான் பின்னு வெளிய வரும். அதுக்கு முன்னால தோட்டா உள்ள இருந்தா அங்கயே முடிஞ்சுது கதை. அந்தச் சேதிய இன்னைக்கே அழிச்சிருங்க.

காங்கேயத்தான்:
அழிக்க மாட்டனுங்க. பின் இல்லாட்டி சுடாது. சுடும்னா சுட்டுக் காட்டுங்க.