மார்-அ-லாகோ பெட்டிகள்: எந்தச் சட்டம், என்ன நிரூபணம்?

புதுவாசகன்:
வணக்கம். டிரம்பின் மார்-அ-லாகோ இல்லத்தில் கிடைத்த ரகசிய ஆவணங்கள் பற்றிய வழக்கின் குற்றப்பத்திரிகையை இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். மூன்று இடங்களில் தட்டுகிறது. அதிபர் ஆவணச் சட்டப்படி எல்லாம் அரசுச் சொத்து என்றால், அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றச்சாட்டுகூட ஏன் இல்லை? "பதவியில் இருந்தபோதே ரகசியத்தை நீக்கிவிட்டேன்" என்ற வாதம் நிற்குமா? பைடன், முன்னாள் துணை அதிபர் பென்ஸ் வீடுகளிலும் ஆவணங்கள் கிடைத்தனவே, அங்கே ஏன் வழக்கு இல்லை? கட்சிச் சண்டை வேண்டாம், சட்டமும் நடைமுறையும் போதும்.

தாள்காவலர்:
முதல் கேள்விக்கு விடை சுலபம். 1978ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவே கிடையாது. நிக்சன் ஒலிநாடாக்களை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையின் தொடர்ச்சியாக வந்தது அது. ஆவணம் யாருடையது, பதவிக்காலம் முடிந்ததும் யார் பொறுப்பில் போக வேண்டும் என்று சொல்வதோடு நின்றுவிடும். அதனால்தான் தேசிய ஆவணக் காப்பகம் 2021 மே முதல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2022 ஜனவரியில் 15 பெட்டிகள் வந்தன. திறந்தால், 14 பெட்டிகளில் செய்தித்தாள், படம், கடிதம் இவற்றோடு ரகசிய முத்திரை போட்ட தாள்களும் கலந்து கிடந்தன. பிப்ரவரி 9 அன்று காப்பகம் விஷயத்தை நீதித்துறைக்கு அனுப்பியது. நிர்வாகத் தகராறு குற்ற விசாரணையாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

குற்றப்பத்திரிகை நிற்பது 1917 உளவுச் சட்டத்தில், 793(இ) பிரிவில். அதை ஒருமுறை மூலத்திலேயே படித்துவிடுங்கள். "ரகசிய ஆவணம்" என்ற சொல்லே அதில் இருக்காது. இன்றைய முத்திரை முறை பிற்பாடு அதிபர் ஆணைகளால் வந்தது. பிரிவு பேசுவது "தேசப் பாதுகாப்பு தொடர்பான" ஆவணத்தை. அதிகாரமின்றிக் கையில் வைத்திருந்தார், பெறவேண்டிய அதிகாரியிடம் தரவில்லை, தெரிந்தே செய்தார் என்று அரசுத்தரப்பு காட்ட வேண்டும். எனவே முத்திரையை நீக்கிவிட்டேன் என்பது மட்டுமே வழக்கை முடித்துவிடாது. ஆனால் அதற்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தகவலை அரசு உண்மையிலேயே கட்டிக்காத்ததா என்ற கேள்வி வரும்போது எதிர்த்தரப்புக்கு அது உதவும்.

"இவை என் சொந்த ஆவணங்கள், அப்படிப் பிரிக்கும் உரிமை அதிபருக்கே உண்டு" என்ற வாதமும் வந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்ய அது போதாது என்று நீதிபதி கேனன் 2024 ஏப்ரலில் மனுவை நிராகரித்தார்.

திருத்திய குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவின் கீழ் 32 குற்றச்சாட்டுகள். ஒரு ஆவணத்துக்கு ஒன்று. நூற்றுக்கணக்கில் கிடைத்தும் ஏன் 32 மட்டும்? விசாரணையில் காட்டப்போகும் தாளை அதன் சொந்தத் துறையே பயன்படுத்த ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூரி நம்பும் அளவுக்கு அது கனமாக இருக்க வேண்டும், வெளியே வந்தால் ஆள் சாகும் அளவுக்கு இருக்கக் கூடாது. இந்த இழுபறிக்காகவே 1980இல் ரகசியத் தகவல் நடைமுறைச் சட்டம் வந்தது. தாமதத்தில் பெரும்பகுதி அதன் படிகளில்தான்.

மேசைவிளக்கு:
சோதனைப் பகுதியைச் சேர்க்கிறேன். பலர் சோதனை நடந்த 2022 ஆகஸ்ட் 8இல் தொடங்குகிறார்கள், தொடங்கவேண்டியது அதே ஆண்டு மே 11இல். அன்று கிராண்ட் ஜூரி (குற்றஞ்சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) சம்மன் டிரம்ப் தரப்புக்குப் போனது: முத்திரையுள்ள எல்லா ஆவணங்களையும் கொடு என்று. ஜூன் 3 அன்று டேப் சுற்றிய ஒரு உறையில் 38 ஆவணங்கள் வந்தன, "முழுமையாகத் தேடிவிட்டோம்" என்ற சான்றுக் கடிதத்தோடு. அடுத்து கேமரா பதிவுகளுக்குத் தனிச் சம்மன். மே 23க்கும் ஜூன் 2க்கும் இடையில் சேமிப்பறையிலிருந்து சுமார் 64 பெட்டிகள் வெளியே போய், சுமார் 30 மட்டும் திரும்பின என்பது குற்றப்பத்திரிகையின் கூற்று. டிரம்பின் வழக்கறிஞர் தேடியது அந்த அறையை மட்டும். சான்றுக் கடிதம் பொய்யாகிப்போவது இந்தக் கணக்கில்தான்.

ஆகஸ்ட் 5 அன்று மாஜிஸ்திரேட் நீதிபதி சோதனை ஆணையில் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட பிரிவுகள் 793, 1519 (விசாரணையைத் தடுக்க ஆவணத்தை மறைப்பது, அழிப்பது), 2071 (அரசு ஆவணத்தை அகற்றுவது, மறைப்பது). ஆவணம் "இருந்தது" என்று காட்டினால் ஆணை கிடைக்காது, "இப்போதும் அங்கே இருக்கும்" என்று நம்பக் காரணம் காட்ட வேண்டும். கேமரா பதிவு இல்லாமல், ஆணை கேட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரம் மெலிந்துதான் போயிருக்கும். சோதனையில் முத்திரையுள்ள 102 ஆவணங்கள்: சேமிப்பறையில் 75, அலுவலக அறையில் 27.

புலனாய்வுத் தரப்பு சறுக்கிய இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முத்திரையுள்ள தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தால், அதே இடத்தில் ஒரு மேலட்டையைச் செருகுவார்கள். தயாராக இருந்த அட்டைகள் போதாமல், வெள்ளைத்தாளில் கையால் எழுதியும் வைத்தார்கள். ஏன் இவ்வளவு சிரத்தை? தாளின் மேலும் கீழும் கிடப்பவை எந்தத் தேதியைச் சேர்ந்தவை என்று பார்த்தால், பெட்டி எப்போது நிரம்பியது என்று ஊகிக்கலாம். பெட்டியின் சொந்தக்காரருக்கு அந்தத் தாள் இருப்பது தெரியுமா என்பதற்கும் வரிசைதான் சாட்சி. சில பெட்டிகளில் பிற்பாடு பார்த்தபோது வரிசை முந்தைய ஸ்கேனோடு ஒத்துப்போகவில்லை என்று 2024 மே மாதம் அரசுத்தரப்பே ஒப்புக்கொண்டது. சிறு அட்டைகள், புத்தகங்கள், கடிதத்தாள்கள் சாதாரணத் தாளைவிடச் சிறியவை, பெட்டியைத் தூக்கும்போதே நகரும் என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கம் நியாயமானது. ஆனால் திறந்த கையோடு ஒவ்வொரு பெட்டியையும் அடுக்கடுக்காகப் படமெடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

காலி உறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ரகசியம்" என்று அச்சிட்ட 48 காலி உறைகள் கிடைத்தன. உள்ளிருந்தது தொலைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தாள் நழுவி அதே பெட்டியின் அடியில் கிடக்கலாம், உரிய இடத்துக்கு எப்போதோ திரும்பியும் இருக்கலாம்.

புதுவாசகன்:
இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: முதல் 15 பெட்டிகளில் 184 ஆவணங்கள் என்று ஓரிடத்தில், 197 என்று வேறிடத்தில். எது சரி?

வாய்தா:
184 என்பது 2022 ஆகஸ்ட் பிரமாணப் பத்திரத்தின் எண், 197 என்பது 2023 குற்றப்பத்திரிகையின் எண். மேற்கோள் காட்டும்போது எந்த ஆவணத்தின் எண் என்று கூடவே எழுதிவிடுங்கள், குழப்பம் தீரும்.

உங்கள் மூன்றாவது கேள்வி விட்டுப்போயிருக்கிறது. பைடன் தரப்பு 2022 நவம்பர் 2 அன்று தாங்களே கண்டுபிடித்துக் காப்பகத்திடம் சொன்னது, பிறகு எஃப்.பி.ஐ. வீட்டைத் தேடவும் சம்மதித்தது. பென்ஸ் வீட்டில் சுமார் ஒரு டஜன், அதையும் அவர் தரப்பே தெரிவித்தது, 2023 ஜூனில் கோப்பு மூடப்பட்டது. ஆனால் பைடனை ஒரேயடியாகச் சுத்தமாக்கிவிடவும் வேண்டாம். தெரிந்தே வைத்திருந்ததற்குச் சான்று உண்டு, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் அளவுக்கு இல்லை என்றுதான் சிறப்பு வழக்கறிஞர் ஹர் 2024 பிப்ரவரியில் எழுதினார். கேட்டபோது கொடுத்தாரா, மறைத்தாரா என்பதே வழக்குக்கும் வழக்கின்மைக்கும் நடுவில் கிடக்கும் கோடு. டிரம்ப் மீது 32க்கு மேல் இருந்த 8 குற்றச்சாட்டுகளும் தடுப்பது, மறைப்பது, பொய் சொல்வது பற்றியவைதான். 1519 பிரிவுக்கு அதிகபட்சம் 20 ஆண்டுகள், 793க்கு 10 என்பதையும் கவனியுங்கள்.

முடிவைத் தவறாக எழுதாதீர்கள். டிரம்ப் குற்றத்தை மறுத்தார். 2024 ஜூலை 15 அன்று கேனன் வழக்கைத் தள்ளுபடி செய்தது சிறப்பு வழக்கறிஞர் ஸ்மித்தின் நியமனம் அரசமைப்புக்கு முரண் என்ற காரணத்தால். பெட்டிகளைப் பற்றி அதில் தீர்ப்பு ஏதும் இல்லை. மேல்முறையீடு போனது. நவம்பர் தேர்தலில் அவர் வென்றதும், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறைக் கொள்கைப்படி அவரைப் பொறுத்தவரை அது கைவிடப்பட்டது. கூட்டுக் குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற இருவர் மீதான மேல்முறையீடு 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. கேமரா பதிவோ, பெட்டி வரிசையோ எந்த ஜூரி முன்னாலும் வரவில்லை. ஆகவே 64, 30 போன்ற எண்களை எழுதும்போது "குற்றப்பத்திரிகையின்படி" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.