குட்டி எஸ்யூவிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள்? லாபிஸ் பக்கத்து அனுபவங்கள்

லாபிஸ்காரன்

என் பெரோடுவா ஆத்திவாவுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் வேளை வந்துவிட்டது. ரோட் டெக்ஸ் பிரச்சினை இல்லை, 998 சிசி என்பதால் 20 வெள்ளிதான் (ரிங்கிட்). இன்சூரன்ஸுக்கு விலை கேட்டால்தான் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. வீட்டில் பழைய புரோட்டோன் சாகா காரும் நிற்கிறது. அதற்குக் கட்டுவதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. "உயரமான காடி வாங்கினாய், இன்சூரன்ஸும் உயரமாகத்தான் இருக்கும்" என்பது மாமனாரின் தீர்ப்பு.

ஜொகூரில் லாபிஸ், சாஆ, பெக்கோக், செகாமட் பக்கம் இந்த மாதிரிக் காடி வைத்திருப்பவர்கள் என்ன கட்டுகிறீர்கள், கிளைம் செய்தபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஏஜென்ட் விளம்பரம் வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் போதும்.

ரிட்டையர்டு கிராணி

தம்பி, உயரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை என்று உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். தோட்ட ஆபீஸில் இருந்த காலத்திலேயே சனி, ஞாயிறுகளில் இன்சூரன்ஸ் பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜூலை 1 முதல், நம் காடியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்புக்குக் கம்பெனிகளே விலை வைத்துக்கொள்ளலாம். காடியின் மாடல், ஓட்டுகிறவரின் வயது, இருக்கும் ஊர், முந்தைய கிளைம் எல்லாம் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணக்கு வருவது அதனால்தான். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரே அட்டவணை. அந்த அட்டவணை தெரிந்தால் ஏஜென்ட் சொல்லும் விலை நியாயமா என்று இன்றைக்கும் ஓரளவு பிடித்துவிடலாம். தீபகற்ப மலேசியாவில் 1400 சிசி வரை முதல் 1,000 வெள்ளிக் காப்புக்கு 273.80. அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. 1400க்கு மேல் 1650 சிசி வரை அந்த 273.80 மட்டும் 305.50 ஆகும்.

ஆத்திவாவுக்கு 60,000 வெள்ளிக்குக் காப்பு எடுத்தால் 273.80ஓடு 59 தடவை 26. மொத்தம் 1,807.80. பழைய சாகாவுக்கு இன்று மதிப்பு 6,000 என்றால் 403.80. அவ்வளவுதான் விஷயம். காடியின் விலை ஏற ஏற ஆயிரத்துக்கு 26 ஏறிக்கொண்டே போகும். இதில் என்.சி.டி, அதாவது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் கழிவைக் கழித்து, 8 சதவிகித சேவை வரி, 10 வெள்ளி முத்திரை வரி சேர்ந்தால் கையில் கொடுக்கும் தொகை வந்துவிடும்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் என்.சி.டி எந்தக் காடியில் எவ்வளவு இருக்கிறது? கிளைம் இல்லாமல் ஓர் ஆண்டு போனால் 25, அப்புறம் 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிந்தால் 55 சதவிகிதம். இந்தக் கழிவு ஆளுக்குச் சொந்தம், காடிக்கு இல்லை.

லாபிஸ்காரன்

இரண்டு காடியும் என் பெயரில்தான் ஐயா. சாகாவில் 55, ஆத்திவாவில் 30.

ரிட்டையர்டு கிராணி

அப்படியென்றால் மாற்றிப் போடுங்கள். 55 சதவிகிதம் சாகாவில் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 222 வெள்ளி. அதே 55 ஆத்திவாவில் இருந்தால் 994 வெள்ளி. ஆத்திவாவின் 30ஐச் சாகாவுக்குக் கொடுத்தால் அங்கே ஒரு நூறு வெள்ளி கூடும், இங்கே 450 வெள்ளி குறையும். இரண்டின் புதுப்பிப்புத் தேதியும் வேறு வேறு என்றால் சாகாவின் நடப்புப் பாலிசிக்கு மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டினாலும் லாபம்தான். ஏஜென்ட் தானாக இதைச் சொல்ல மாட்டார், கேட்டால் செய்து கொடுப்பார். அதற்கு முன் மைகார்இன்ஃபோ தளத்தில் உங்கள் என்.சி.டியைப் பார்த்துவிடுங்கள்.

சாஆ அக்கா

ஐயா "ஆளுக்குச் சொந்தம்" என்றதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. என் தம்பிக்கு ஜொகூர் பாருவில் வேலை. அவன் புரோட்டோன் எக்ஸ்50 எஸ்யூவி எடுத்தபோது சம்பளச் சீட்டு பேங்குக்குப் போதவில்லை. அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அரசாங்கச் சம்பளம். லோனும் காடியும் அம்மா பெயரில் போனது. தவணை கட்டுவது, ஓட்டுவது எல்லாம் தம்பி. அம்மா அந்தக் காடியின் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை.

தம்பி ஓட்டியதில் ஒரு விபத்தும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தன் பெயரிலேயே இன்னோர் எக்ஸ்50 எடுத்தான். என்.சி.டி பூஜ்யம். இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டினேனே என்று கேட்டதற்கு, அந்த ஒழுங்கெல்லாம் உங்கள் அம்மா கணக்கில் ஏறியிருக்கிறது என்றார்கள். 80,000 வெள்ளிக் காப்பு, 1477 சிசி. ஐயாவின் அட்டவணைப்படி போட்டுப் பார்த்தேன், வரிக்கு முன்னால் 2,359.50. அம்மாவின் 55 இருந்திருந்தால் 1,061.78. அம்மாவோ "எனக்கு வேண்டாம், அவனுக்கே கொடுத்துவிடுங்கள்" என்று கவுண்டரில் போய் நிற்கிறார், ஏதோ தீபாவளி பலகாரம் மாதிரி. அப்படிக் கொடுக்க வழியில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அம்மா, அப்பா, அக்கா பெயரில்தான் முதல் காடி எடுக்கிறார்கள். லோன் கிடைத்தால் போதும் என்று இருக்கும் நேரத்தில் இதை யார் யோசிக்கிறார்கள்? மோட்டார் சைக்கிளில் சேர்ந்த என்.சி.டியும் காடிக்கு ஆகாது. இன்னொன்று, அம்மா பாலிசியில் தம்பியின் பெயரை ஓட்டுநராகச் சேர்த்திருந்தோம். சேர்க்காமல் அவன் ஓட்டி இடித்திருந்தால் கிளைமில் முதல் 400 வெள்ளி எங்கள் தலையில். கூடுதல் பெயருக்கு வழக்கமாக 10 வெள்ளிதான்.

டவுன் பையன்

என் பிரெண்டு ஒருவன் ஐடியா கொடுத்தான். காப்புத் தொகையை 60,000க்குப் பதில் 45,000 போட்டால் பிரீமியம் இறங்கிவிடுமாம். யாராவது செய்திருக்கிறீர்களா?

ரிட்டையர்டு கிராணி

செய்யாதீர்கள் தம்பி. 15,000 குறைத்தால் அட்டவணைப்படி 390 வெள்ளி குறையும், 55 கழிவு உள்ளவருக்கு 175 வெள்ளிதான் மிச்சம். காப்புத் தொகை சந்தை மதிப்பில் 90 சதவிகிதத்துக்குக் கீழே போனால் குறைகாப்பு என்று வைத்து, அதே விகிதத்தில் கிளைமையும் வெட்டுவார்கள். 8,000 வெள்ளி ரிப்பேர் என்றால் 6,000 தருவார்கள், 2,000 உங்கள் கையிலிருந்து. காடி திருடு போனாலோ 45,000க்கு மேல் ஒரு சென் வராது, பேங்குக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

பெக்கோக் ரோடு

நான் மாட்டை இடித்த கதை. செம்பனைத் தோட்டத்து ரோடு, இரவு, விளக்குக் கம்பம் கிடையாது. தோட்டத்துக்குள் மாடு மேய்ப்பது நம் பக்கம் புதிதில்லையே. கறுப்பு மாடு வேறு. பம்பர், முன் விளக்கு, பானெட் போயிற்று. மாடு எழுந்து நடந்து போய்விட்டது. விடிந்ததும் விசாரித்தால் அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் மாடே இல்லை. மாட்டின் கழுத்தில் மட்டும் மணி இருந்தது.

இடித்தவர் வேறொருவர் என்றால் அவருடைய இன்சூரன்ஸைப் பிடிக்கலாம். மாட்டுக்கு ஏது இன்சூரன்ஸ்? என் சொந்தப் பாலிசியில் கிளைம் செய்ய வேண்டும், செய்தால் 55 பூஜ்யமாகும். பெங்கலில் (காடி ரிப்பேர் கடையில்) 2,100 வெள்ளி சொன்னார்கள். ஏஜென்ட் உடனே "கிளைம் போடுங்கள் அண்ணே, அதுக்குத்தானே கட்டுறீங்க" என்றார். என் காடியும் ஆத்திவாதான், மதிப்பும் கிட்டத்தட்ட 60,000தான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

55இல் நான் கட்டுவது 813 வெள்ளி. கிளைம் செய்தால் அடுத்த ஆண்டு முழு 1,807. அதற்கடுத்து 25 கழிந்து 1,355. பிறகு 1,265, 1,114, 994. அதன் பிறகுதான் மறுபடி 813. ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகப் போவதைக் கூட்டினால் ஏறக்குறைய 2,470 வெள்ளி, அதற்கு 8 சதவிகித வரி வேறு. காடியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் 2,100ஐ வாங்க அதை ஒட்டிய தொகையைத் தவணையில் திருப்பிக் கொடுப்பதுதான் நடக்கும். நடுவில் இன்னொரு மாடு வராது என்று யார் உத்தரவாதம்? கையிலிருந்தே கட்டினேன். பத்தாயிரம், பதினைந்தாயிரம் சேதம் என்றால் யோசிக்காமல் கிளைம் செய்திருப்பேன். 25இல் இருப்பவருக்கும் கணக்கு வேறு, அவர் இழப்பது இதைவிடக் குறைவு.

கிளைம் செய்தாலும் செய்யாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள். அது சட்டம்.

செகாமட் டீச்சர்

மாடு அண்ணனுக்கு ஓர் இணைப்பு. என் எக்ஸ்50 சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு வேன் இடித்தது. தப்பு வேன்காரர் மேல் என்று போலீஸ் முடிவு வந்தது. முழுக் காப்பு இருந்ததால் என் கம்பெனியிலேயே கிளைம் செய்தேன், என்.சி.டி அப்படியே இருக்கிறது. அவர்கள் வேன்காரரின் கம்பெனியோடு பேசிக்கொள்வார்கள். "சொந்தக் கம்பெனியில் போனால் என்.சி.டி போச்சு" என்று டோ காடிக்காரர் (இடித்த காடியை இழுத்துச் செல்பவர்) பயமுறுத்தினார். டோ காடிக்காரர்கள் சொல்வதை எல்லாம் கேட்டால் காடியையே இழந்துவிடுவோம்.

சாஆ அக்கா

வெள்ளத்தை ஏன் ஒருவரும் பேசவில்லை? 2023 மார்ச் மறந்துவிட்டதா? எங்கள் வரிசையில் தண்ணீர் இடுப்புக்கு மேல். பக்கத்து வீட்டு அண்ணனின் எஸ்யூவி, கடைசித் தவணைகள்கூட முடியவில்லை, கூரை மட்டும் தெரிந்தது. முழுக் காப்பு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். அடிப்படை முழுக் காப்பில் வெள்ளம், மண்சரிவு, மரம் விழுவது எதுவும் சேராது. தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். காப்புத் தொகையில் 0.2 முதல் 0.5 சதவிகிதம் வரை கேட்கிறார்கள், அதாவது 60,000க்கு 120 முதல் 300 வெள்ளி. என்.சி.டி இதற்குக் கழியாது. உயரமான காடி தண்ணீரில் போகும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள், நின்ற இடத்தில் மூழ்குவதைக் காட்ட மாட்டார்கள். சாஆவில் இருந்துகொண்டு இதை எடுக்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

பெங்கல் தம்பி

கடைப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, ஐந்து வயதான காடிக்குப் புது உதிரிப் பாகம் போட்டால் ஒரு பங்கு உரிமையாளர் கட்ட வேண்டும். ஐந்து வயதில் 15 சதவிகிதம், ஆண்டுக்கு 5 கூடி, பத்து வயதில் 40. ஆத்திவா 2021இல் வந்தது, அப்போதே வாங்கியவர்களுக்கு 2026 முதல் இந்தக் கணக்குதான். பாகம் 4,000 வெள்ளி என்றால் 600 உங்களுடையது. கடையில் பில் பார்த்து எங்களோடு சண்டை போடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வது? கொஞ்சம் காசு கூடக் கட்டி இந்தப் பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வசதி பல பாலிசிகளில் இருக்கிறது, கேளுங்கள்.

இரண்டாவது, முன் கண்ணாடி. செம்பனை லோரிக்குப் பின்னால் போனால் கல் பறக்கும், நமக்கெல்லாம் பழக்கம். இப்போது வரும் குட்டி எஸ்யூவிகளில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது, தானாகப் பிரேக் பிடிப்பதற்கு. கண்ணாடி மாற்றினால் கேமராவையும் சரிபார்த்து அமைக்க வேண்டும், அதற்கும் கூலி. பழைய காடிக் கணக்கில் 500, 600க்குக் கண்ணாடிக் காப்பு எடுத்துவிட்டு வராதீர்கள். காப்புத் தொகையில் 15 சதவிகிதம்தான் கட்டணம். 1,500க்கு எடுத்தால் 225 வெள்ளி. இந்தக் கிளைமால் என்.சி.டி போகாது. ஒரு தடவை கண்ணாடி மாற்றிவிட்டால் மறுபடி கட்டித்தான் காப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

டவுன் பையன்

ஆன்லைனில் நேரடியாக வாங்கினால் 10 சதவிகிதம் கழிவு தருகிறார்கள். ஏஜென்ட் எதற்கு?

பெக்கோக் ரோடு

அந்த 10 ஏஜென்டின் கமிஷன்தான் தம்பி. படிவம் நிரப்பத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் ஏஜென்ட் கிளைம் நேரத்தில் ஓடி வருகிறவர், அதனால் நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்குக் காலண்டர் மட்டும் கொடுக்கிறவர் என்றால் ஆன்லைன்தான்.

லாபிஸ்காரன்

என்.சி.டி மாற்றுவதற்கு ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன், வெள்ளக் காப்பும் சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று, மச்சான் வாரம் ஒரு முறை இதே காடியைச் சிங்கப்பூருக்கு ஓட்டுவார். தனியாக ஏதும் எடுக்க வேண்டுமா?

சாஆ அக்கா

நம் பாலிசி சிங்கப்பூரிலும் புருணையிலும் செல்லும். சிங்கப்பூர்ச் சட்டப்படி கூட வருகிற பயணிகளுக்கும் பொறுப்புக் காப்பு வேண்டும். நம் ஊரில் அது விருப்பம் இருந்தால் சேர்க்கும் கூடுதல் காப்பு, அதனால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சான் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹாட்யாய் போவதாக இருந்தால் நம் பாலிசியைத் தாய்லாந்துக்கு நீட்டிக்க வேண்டும், எல்லையில் அவர்களுடைய கட்டாய இன்சூரன்ஸும் தனியாக வாங்க வேண்டும்.