விண்வெளிப் பறத்தல் விளையாட்டுகளுக்கு ஜாய்ஸ்டிக் வாங்கலாமா, மவுஸும் கீபோர்டும் போதுமா?

நெடுவான்:

அனைவருக்கும் வணக்கம். எலைட் டேஞ்சரஸ் விளையாட்டைச் சில மாதங்களாக மவுஸும் கீபோர்டும் கொண்டே விளையாடி வருகிறேன். சரக்கு ஏற்றிச் செல்வதும் நிலையங்களில் இறங்குவதும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனாலும் சுழலும் நிலையத்தின் நுழைவாயிலுக்கு ஏற்றபடி கப்பலைச் சாய்க்கும்போது, விசைகளை எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் கப்பல் வெட்டி வெட்டியே திரும்புகிறது. சண்டையில் வேறொரு தொல்லை. எதிரியைத் துரத்தித் தொடர்ந்து திரும்பும்போது மவுஸ் மேசையின் விளிம்புக்குப் போய்விடுகிறது. அதைத் தூக்கி நடுவில் வைப்பதற்குள் எதிரி பார்வையிலிருந்து விலகிவிடுகிறான்.

ஜாய்ஸ்டிக்குக்கு மாறினால் இவை தீருமா? குறி வைப்பதில் மவுஸ் தரும் துல்லியம் போய்விடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. மாறுவதானால் ஒற்றை ஜாய்ஸ்டிக் போதுமா, வேகத்தைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலான த்ராட்டிலும் சேர்ந்த தொகுப்பு வேண்டுமா, சிலர் பரிந்துரைப்பதுபோல் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும். அடுத்து ஃப்ரீலான்சர், ஸ்டார் சிட்டிசன் ஆகியவற்றையும் விளையாட எண்ணியிருக்கிறேன்.

சுக்கான்:

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். தரையில் நடந்து சுடும் விளையாட்டில் மவுஸை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு பார்வை திரும்புகிறது. கை நின்றால் பார்வையும் நிற்கிறது. விண்கப்பல் அப்படி இயங்குவதில்லை. அதற்கென்று ஒரு உச்சத் திரும்பு வேகம் உண்டு. ஆகவே எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதையே விளையாட்டு உங்களிடம் கேட்கிறது. அந்த வேகத்தை விரும்பும் நேரம்வரை பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். ஜாய்ஸ்டிக் இதற்கென்றே அமைந்த கருவி. பிடியை எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு வேகம், விட்டுவிட்டால் சுருள்வில் அதை நடுவுக்குக் கொண்டுவந்து திருப்பத்தை நிறுத்திவிடும். மவுஸுக்கு நடு என்று ஓரிடம் இல்லாததால், விளையாட்டு தனக்குள் ஒரு கற்பனை ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு உங்கள் மவுஸ் அசைவால் அதை நகர்த்துகிறது. அது இப்போது எங்கே நிற்கிறது என்பதைத் திரையைப் பார்த்துத்தான் அறிய முடியும், கை உணராது.

நுழைவாயிலில் நடப்பது இன்னும் எளிதாக விளங்கும். விசை என்பது முழுவதும் அழுத்தப்பட்டிருக்கும், அல்லது அழுத்தப்படாமல் இருக்கும், இடைநிலை கிடையாது. நிலையம் சுழலும் மெதுவான வேகத்தோடு கப்பலின் சாய்வை ஒத்திசைக்க வேண்டுமானால் அந்த இடைநிலைதான் தேவை. பிடியைச் சற்றே சாய்த்து அப்படியே வைத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எலைட் டேஞ்சரஸில் மூக்கை மேலும் கீழும் தூக்கும் பிட்ச் விரைவானது. மூக்கை இடவலமாகத் திருப்பும் யா வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. எனவே விரைவாகத் திரும்ப வேண்டுமானால் கப்பலை முதலில் ரோல் செய்து சாய்த்து, பிறகு மூக்கைத் தூக்க வேண்டும். மவுஸில் இரண்டு அச்சுகளே உள்ளன. மூன்றாவது எப்போதும் விசைகளுக்குத்தான் போகும். முறுக்கும் பிடி கொண்ட ஜாய்ஸ்டிக்கில் ரோல், பிட்ச், யா மூன்றும் ஒரே கைக்குள் அமைந்துவிடுவதால், சாய்வதும் தூக்குவதும் ஒரே அசைவாகக் கலந்துவிடும். இந்த வகை விளையாட்டில் கிடைக்கும் பெரிய இன்பம் அதுவே என்பது என் கருத்து.

வலவன்:

சுக்கான் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன் அமைப்புகளைப் பாருங்கள் என்று நெடுவானிடம் கேட்டுக்கொள்கிறேன். மவுஸ் மேசை விளிம்புக்குப் போவதற்குக் காரணம், பெரும்பாலும் ரிலேட்டிவ் மவுஸ் என்னும் தேர்வு இயங்கிக்கொண்டிருப்பதுதான். அது கற்பனை ஜாய்ஸ்டிக்கைத் தானாகவே நடுவுக்குத் திரும்ப வைக்கும். ஆகவே தொடர்ந்து திரும்ப வேண்டுமானால் மவுஸைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க நேரும். அதை அணைத்துவிட்டால் மவுஸை ஒருமுறை நகர்த்தி நிறுத்தினாலே திருப்பம் நீடிக்கும். அணைக்க விருப்பமில்லையெனில், நடுவுக்குத் திரும்பும் விரைவைக் குறைத்துப் பார்க்கலாம்.

குறி வைப்பது பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. கப்பலோடு அசையாமல் பொருத்தப்பட்ட ஃபிக்ஸ்ட் ஆயுதங்களுக்கு மூக்கையே இலக்கின்மீது நிறுத்த வேண்டும்; அந்தச் சிறு திருத்தங்களில் மவுஸ் இன்றும் மிக வலுவான கருவி. கப்பலின் மிதப்பையும் சுழற்சியையும் தானாகவே சரிசெய்யும் ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துவிட்டு மவுஸால் பறப்பவர்களோடு மோதிப் பார்த்தால் இது உடனே விளங்கும். தாமாகவே ஓரளவு இலக்கை நோக்கித் திரும்பிக்கொள்ளும் கிம்பல் ஆயுதங்களை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆகவே உங்கள் கப்பலில் எந்த ஆயுதங்கள் இருக்கின்றன என்பதும் இந்த முடிவில் ஒரு பகுதி.

ஃப்ரீலான்சருக்காக ஜாய்ஸ்டிக் வாங்காதீர்கள். 2003இல் வெளிவந்த அந்த விளையாட்டு மவுஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஜாய்ஸ்டிக்கை அது ஏற்பதே இல்லை. 1990இல் விங் கமாண்டர் மூலம் ஒரு தலைமுறையையே ஜாய்ஸ்டிக் முன் உட்கார வைத்த கிறிஸ் ராபர்ட்ஸ்தான் ஃப்ரீலான்சரையும் தொடங்கியவர். இப்போது ஸ்டார் சிட்டிசனை உருவாக்கி வருபவரும் அவரே. விண்வெளி என்றாலே ஜாய்ஸ்டிக் என்று எந்த விதியும் இல்லை. ஒவ்வொரு விளையாட்டும் கப்பலை எப்படி உணர வைக்க நினைக்கிறது என்பதைப் பொறுத்துக் கருவி மாறுகிறது. ஸ்டார் சிட்டிசன் இரண்டையும் ஏற்கும். அதில் கப்பலை விட்டு இறங்கி நடக்கும் பகுதிகள் நிறைய இருப்பதால், எதை வாங்கினாலும் மவுஸும் கீபோர்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இரட்டைப்பிடி:

இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த ஆடம்பரம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் விண்கலங்களின் வழக்கமே இதுதான். அப்பல்லோ விண்கலத்தில் வீரரின் இடக்கைப் பிடி கலத்தை முன்பின், இடவலம், மேல்கீழ் என நகர்த்தியது. வலக்கைப் பிடி கலத்தைத் திருப்பியது. சோயுஸ் கலத்திலும் கைமுறையாக இணைக்கும்போது இதே பிரிவினைதான். காற்றில் பறக்கும் விமானத்துக்கு முன்னோக்கிய உந்துதல் ஒன்று போதும், அதனால் அங்கே த்ராட்டில் நெம்புகோல் பொருந்துகிறது. விண்வெளியில் ஆறு வகை அசைவுகள் உள்ளன. மூன்று அச்சுகள் ஒரு கைக்கு, மூன்று அச்சுகள் மறு கைக்கு என்று பிரித்துக்கொண்டால் விசைகளைத் தேடும் வேலையே இல்லை.

ஆனால் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். த்ராட்டில் வைத்த இடத்தில் நிற்கும். ஜாய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பிவிடும். நெடுந்தொலைவு சரக்கு ஏற்றிச் செல்பவருக்கும், வேகத்தை அளவுகோலின் நீலப் பகுதியில் நிறுத்திச் சிறந்த திரும்பு திறனைப் பெற விரும்புபவருக்கும் த்ராட்டிலே இதமானது. ஃப்ளைட் அசிஸ்டை அணைத்து, கப்பல் ஒரு திசையில் மிதந்து செல்லும்போதே மூக்கை வேறு திசையில் திருப்பிச் சுட விரும்புபவருக்குத்தான் இரட்டைப் பிடி தன் முழுப் பயனையும் தரும். முதல் சில வாரங்கள் மவுஸைவிட மோசமாகவே பறப்பீர்கள், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்கு வாங்கும்போது பிடியின் வடிவத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகள் வலக்கைக்கே வார்க்கப்பட்டவை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போல இரு கைகளுக்கும் மாற்றி அமைக்கக்கூடியவை சில உண்டு.

மேசைமுனை:

எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சென்சாரைப் பாருங்கள். பொட்டென்சியோமீட்டர் வகைச் சென்சாரில் ஒரு தொடுமுனை உராய்ந்துகொண்டே இருப்பதால், நாளடைவில் தேய்ந்து, கை அசையாமலே கப்பல் நடுங்கத் தொடங்கும். ஹால் எஃபெக்ட் சென்சார் காந்தப்புலத்தை அளப்பது. அதில் உராய்வு இல்லை. நடுங்கும் கருவிக்கு, நடுவில் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாமல் விடும் டெட்சோனைப் பெரிதாக்க வேண்டிவரும், பெரிதாக்கினால் நுழைவாயிலில் உங்களுக்குத் தேவையான அந்த நுண்ணிய சாய்வே கிடைக்காமல் போய்விடும்.

ஜாய்ஸ்டிக்கை வைக்கும் உயரமும் முக்கியம். மேசைமேல் வைத்தால் முழங்கை உயர்ந்து தோள் வலிக்கும், சண்டையின் வேகத்தில் இலேசான அடிப்பாகம் நகர்ந்தும் போகும். தொடையின் உயரத்தில், நாற்காலிக் கைப்பிடியின் மட்டத்தில் இறுகப் பொருத்தினால் மணிக்கட்டு மட்டுமே வேலை செய்யும். பொத்தான் அமைப்புக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் மறவாதீர்கள். ஜாய்ஸ்டிக் இணைக்கப்படாத நிலையில் எலைட் டேஞ்சரஸைத் திறந்தால், நீங்கள் பொறுமையாக அமைத்த பட்டியல் ஏற்றப்படாமல் போகக்கூடும்.

நெடுவான்:

மிக்க நன்றி. வலவன் சொன்னபடி ரிலேட்டிவ் மவுஸை அணைத்தேன். மேசை விளிம்புத் தொல்லை உடனே தீர்ந்தது. நுழைவாயிலில் மட்டும் கப்பல் இன்னும் வெட்டி வெட்டித்தான் சாய்கிறது. என் கப்பலில் ஃபிக்ஸ்ட் ஆயுதங்களே இருப்பதால் மவுஸை விடவும் மனமில்லை. இடக்கையில் ஒரு ஜாய்ஸ்டிக், வலக்கையில் மவுஸ் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியுமா?

சுக்கான்:

முடியும், எலைட் டேஞ்சரஸ் அதைத் தடுப்பதில்லை. மவுஸுக்குப் பிட்ச், யா இரண்டையும் கொடுத்துவிட்டு, இடக்கை ஜாய்ஸ்டிக்கின் முறுக்கை ரோலுக்கும், இடவலச் சாய்வைக் கப்பலைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தும் த்ரஸ்டருக்கும், முன்பின் சாய்வை மேல்கீழ் த்ரஸ்டருக்கும் ஒதுக்குங்கள். வேகத்துக்கு ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள சிறு நெம்புகோல் போதும். முறுக்கு அச்சுக்கு மட்டும் நடுப்பகுதி மென்மையாக இருக்கும்படி, பிடியின் அசைவுக்கு ஏற்பக் கப்பல் எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் வளைவைச் சற்றுக் கூட்டி வையுங்கள். நுழைவாயிலில் தேவைப்படுவது அந்த முதல் சில பாகைகளே. இடக்கைக்கு என்பதால் இரட்டைப்பிடி குறிப்பிட்டதுபோல் இரு கைக்கும் பொருந்தும் வடிவத்தையே தேடுங்கள். பிறகு த்ராட்டிலோ இரண்டாவது ஜாய்ஸ்டிக்கோ வேண்டும் என்று தோன்றினாலும், இப்போது வாங்குவது வீணாகாது.