தடைக்காலத்தில் பைபாஸ்: நம் கடற்கரைக்காரர்களின் இதய அறுவை அனுபவங்கள்

பாம்பன்காரன்:

அப்பா விசைப்படகு ஓட்டுபவர். ஆஞ்சியோ சோதனையில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு என்று தெரிந்தது. சர்க்கரை வேறு நெடுநாளாக இருக்கிறது. மதுரை மருத்துவர் பைபாஸ் என்றதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "1998-இல் கலாம் ஐயா சோமராஜு டாக்டரோடு சேர்ந்து மலிவு ஸ்டென்ட் செய்தாரே, அவர் ஊர்ப்பக்கத்து ஆளுக்கே ஸ்டென்ட் கிடையாதா?" என்று கேட்டார்.

மருத்துவர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழல், அது வைக்கப்படும் இடத்தை மட்டுமே திறந்துவைக்கும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் நெடுகிலும் படிவு இருக்கும். இங்கே திறந்தால் நாளை சற்றுத் தள்ளி அடைக்கும். பைபாஸிலோ மார்பின் உட்புறத் தமனியையும் காலிலிருந்து எடுத்த சிரையையும் அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய் இணைக்கிறார்கள். பல குழாய் அடைப்பும் சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்கு பைபாஸே மேல் என்று 2012-இல் வெளிவந்த ஃப்ரீடம் என்ற மருத்துவ ஆய்வும் சொன்னதாம். பணத்துக்காகத் தள்ளிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் ஸ்டென்டுக்கு 2017 முதல் அரசு விலை வரம்பு இருக்கிறது. பைபாஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு எப்படியும் கரையில்தானே கிடக்கும் என்று அந்த 61 நாளுக்குள் அறுவையை வைத்துக்கொண்டோம். அப்பாவின் கணக்குப்படி தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விடலாம். நெஞ்செலும்பை அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்களே! அது ஒன்றுசேரவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வலை இழுக்கிற அளவுக்குப் பாரம் தூக்க மூன்று மாதமாவது வேண்டும் என்றார்கள். தடை முடிந்து எல்லாப் படகும் கிளம்பியபோது அவரை வீட்டில் பிடித்துவைத்ததுதான் எங்களுக்குப் பெரும்பாடு. ஸ்டென்ட் வைத்த பக்கத்து வீட்டு மாமா சில நாளிலேயே ஏலக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் எரிச்சல்.

தொண்டியிலிருந்து மதுரைக்கு:

இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது என் வேலை. பைபாஸில் இதயத்தைத் திறப்பதே இல்லை. இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் குழாய்களில்தான் தையல். அதற்காக இதயத்தை நிறுத்தியும் செய்யலாம், துடிக்கவிட்டும் செய்யலாம். நிறுத்துவதென்றால் பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்துவார்கள். அதுவரை உடலுக்கு ரத்தம் அனுப்புவதும் அதில் ஆக்சிஜன் சேர்ப்பதும் இயந்திரம். இதை முதன்முதலில் 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். ஓர் இளம்பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்.

இன்னொன்று. விலா எலும்புகளுக்கிடையே சிறு வெட்டு போட்டு வால்வு மாற்றுகிறார்கள் என்றால் சின்ன அறுவை என்று எண்ணிவிடாதீர்கள். அப்போதும் தொடை வழியாகக் குழாய் போட்டு என் இயந்திரம் ஓடத்தான் செய்யும், இதயம் நிற்கத்தான் செய்யும். நெஞ்செலும்பு தப்புவதால் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், அவ்வளவுதான்.

மண்டபம் மகள்:

அம்மா தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போவார். நீருக்குள் மூச்சுப் பிடிக்க முடியவில்லை, மேலே வந்தாலும் இளைப்பு. உப்புக்காற்று, ரத்தச்சோகை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எக்கோ ஸ்கேன் எடுத்ததில், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சமாம்.

நெஞ்சைத் திறக்கவில்லை. தொடைச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, இதய மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளையிட்டு, வால்வுக்குள் பலூனை ஊதினார்கள். 1980-களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே கொண்டுவந்த முறை இது. அம்மா மயக்கமில்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வால்வில் பெரிய கசிவோ மேலறையில் ரத்தக்கட்டியோ இருந்தால் இது ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிற்காலத்தில் மறுபடி சுருங்கலாம் என்பதால் எக்கோ பார்த்துவருகிறோம்.

கீழக்கரைப் பேரன்:

என் வாப்பாவின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலிலுள்ள அயோர்ட்டா வால்வு கல்லாக இறுகிப்போயிருந்தது. நெஞ்சைப் பிளந்தால் தாங்கமாட்டார் என்றார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைப் பழையதற்குள் பொருத்துவதை டாவி என்கிறார்கள். பிரான்சின் அலன் கிரிபியே 2002-இல் முதலில் செய்தது. ஆனால் அந்த வால்வு பன்றித் திசுவில் செய்ததா என்று வீட்டில் ஒரே கேள்வி. உயிர் காக்கும் நிலையில் அதற்கு அனுமதி உண்டு என்று எங்கள் மார்க்க அறிஞரான ஆலிம் சொல்லிவிட்டார். அதற்குள் மருத்துவரே மாட்டு இதய உறையில் செய்ததையும் காட்டினார். குஜராத்தில் தயாராகும் மைவால் என்ற வால்வு அப்படிப்பட்டதுதான். எங்களைத் திணறடித்தது விலைதான், பல லட்சம்! என் வாப்பா குவைத்தில் சேர்த்ததெல்லாம் கரைந்தது.

தேவிபட்டினத்தான்:

எனக்கு உலோக வால்வு. இரவில் மனைவிக்கே 'டிக் டிக்' கேட்கிறது. ஆயுளுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று பார்க்கத் தவறாமல் ஐ.என்.ஆர். சோதனை. கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும் என்றார் மருத்துவர். தூண்டில் முள் குத்தினால் ரத்தம் லேசில் நிற்பதில்லை. படகில் துணியும் கட்டும் எப்போதும் வைத்திருக்கிறேன். சங்கு குளிப்பதை விட்டுவிட்டேன். இளவயதுக்காரர்களுக்கு உலோகம்தான் நீடிக்கும் என்று எனக்குப் பொருத்தினார்கள். பல் பிடுங்கப் போனாலும் வால்வு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.