பொருள்: டிஸ்கஸோடு விடும் மீனுக்கு என்ன சொல்?

கிளிநொச்சி:
எல்லோருக்கும் வணக்கம். அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிக்கு ஒரு கைந்நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். டிஸ்கஸ் என்ற மீனைப் பற்றிய அதிகாரத்தில் வந்து நிற்கிறேன். ஒரே தொட்டியில் அதோடு பிரச்சினையில்லாமல் வாழக்கூடிய வேறு இன மீன்களை ஆங்கிலத்தில் 'ராங்க் மேற்' (tank mate) என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அது வருகிறது. 'தொட்டித் தோழர்' என்று போட்டு வகுப்பில் வாசித்தேன். "எந்தக் கட்சி ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்க வகுப்பே சிரித்தது. வாசித்தவுடன் விளங்கும் சொல்லாக ஒன்று தாருங்கள்.

முள்ளியவளை:
ரீச்சர், சொல் நம்மிடம் இருக்கிறதே. உடனுறை. செய்யுளில் மறைந்து நிற்கும் பொருளான உள்ளுறையை ஐந்தாகப் பிரித்த தொல்காப்பியர் முதலில் வைத்தது அதைத்தான். 890ஆம் குறளையும் பாருங்கள்: "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று." பொருத்தத்துக்கு உடம்பாடு, சேர்ந்து வாழ்வதற்கு உடனுறைதல், இரண்டும் ஒரே குறளில் கிடக்கின்றன. குடங்கர் என்பதைப் பரிமேலழகர் குடில் என்கிறார். எனக்கு அதில் குடம்தான் தெரிகிறது. குடம் என்றால் நீர்க்கலம், நீர்க்கலம் என்றால் தொட்டி. 'உடனுறை மீன்' என்று போடுங்கள், வேலை முடிந்தது.

வவுனியா:
சேர், குறள் நல்ல குறள். ஆனால் மீன்கடையில் நிற்பவன் நான். ஒருவர் வந்து உடம்பாடுடைய உடனுறை மீன் கேட்டால் எதை வலைபோட்டு எடுத்துக் கொடுப்பேன்? அதோடு உடனுறைதல் மட்டும் காணாது. டிஸ்கஸ் தொட்டிக்குள் விரால் குஞ்சை விட்டால் அதுவும் உடனுறையும், ஒரு கிழமைக்கு. பிறகு விரால் மட்டும் உறையும்.

பெயர் வைக்க முதல் பொருளைப் பார்ப்போம். டிஸ்கஸ் அமேசன் ஆற்றுப்படுகை மீன். சூடு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வேண்டும், தண்ணீர் உப்புகள் குறைந்த மென்னீராகவும் கொஞ்சம் அமிலப் பக்கமாகவும் இருந்தால் அதற்குச் சுகம். மற்ற மீன்கள் பல அந்தச் சூட்டிலேயே கழிந்துவிடும். நியோன் டெட்ராவை எல்லோரும் கேட்பார்கள், பார்க்க அழகு, ஆனால் அது குளிர்ச்சி விரும்பி. அதே சாயலில் இருக்கும் கார்டினல் டெட்ரா அந்தச் சூட்டைத் தாங்கும். ரம்மிநோஸ் டெட்ராவும் தாங்கும். அடியில் மேய்வதற்கு கோரிடோராஸில் ஸ்டெர்பாய் என்ற வகை சரி. இதற்கு மேல் குணம். டிஸ்கஸ் ஆறுதலாகச் சாப்பிடுகிற மீன், பக்கத்தில் டைகர் பார்ப் மாதிரி ஒன்று நின்றால் தீனியும் போய் செட்டையும் கடிபடும். ஆக, முதலில் தண்ணீர் ஒக்கவேண்டும், பிறகு பழக்கம் ஒக்கவேண்டும். சொல் இந்த இரண்டையும் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

மாங்குளம்:
தம்பி வவுனியா சொன்னதில் எனக்கு ஒரு சொல் கிடைத்தது: ஒருநீர் மீன். ஒரே நீருக்கு ஒத்தது. சின்னது, சுத்தத் தமிழ்.

இன்னொன்று. இந்தச் சொல்லை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன், 'குளத் துணை' என்று தந்தது. சிரிக்கவேண்டாம், நம் நாட்டு ஆங்கிலத்தில் இரணைமடுக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் ராங்க்தானே. அதைவிட, தண்ணீர் நிரப்பி வைக்கும் ராங்கை நாங்கள் தாங்கி என்கிறோம். நீரைத் தாங்குவதால் தாங்கி. வெள்ளைக்காரன் அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்பது என் நெடுநாள் கருத்து. அதனால் 'தாங்கித் துணை' என்றாலும் தப்பில்லை.

மல்லாவி:
அண்ணை, ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்குக் குஜராத்தியையும் போர்த்துக்கேயத்தையும் காட்டுகின்றன. தாங்கி என்பது ஒலியையும் பொருளையும் சேர்த்து நம்மவர்கள் பிறகு அமைத்த கெட்டித்தனம். அதைத் தலைகீழாக்கவேண்டாம்.

உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு பயம். கூட்டுவாழி, உடன்வாழி என்று எதையாவது போட்டால் பிள்ளைகள் அதை ஒன்றியவாழ்வோடு, அதாவது இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதோடு, குழப்புவார்கள். கார்டினலும் டிஸ்கஸும் ஒன்றுக்கொன்று ஒரு உதவியும் செய்வதில்லை. சும்மா இருக்கின்றன, அவ்வளவுதான். ஓரட்டிலுண்ணல் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, ஓர் அட்டிலில், அதாவது ஒரே சமையலறையில் உண்பது; ஒன்று பயன்பெற மற்றதற்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்ற உறவுக்குப் பெயர். இப்படி ஒரு சொல்லை இன்றைக்கு யாராவது ஆக்குவார்களா? ஆனால் அதுவும் இங்கே பொருந்தாது. பிளெக்கோ என்ற உறிஞ்சுவாய் மீன்களில் சில டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சளிப் படலத்தை உறிஞ்சும். அங்கே அட்டிலே டிஸ்கஸின் உடம்புதான். அந்தச் சளியைத்தான் டிஸ்கஸ் தன் குஞ்சுகளுக்கு முதல் உணவாகக் கொடுக்கிறது, ஆக ஒரே அட்டிலில் பிள்ளையும் உண்ணும், கள்ளனும் உண்ணும்.

நெடுங்கேணி:
எல்லோரும் பெரிய பெரிய இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஊரில் 'கூடாத சகவாசம்' என்கிறோம். 'சகவாச மீன்' என்று போட்டால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும், நல்ல சகவாசம், கூடாத சகவாசம் என்று இரண்டு பட்டியலாகவும் பிரிக்கலாம்.

முள்ளியவளை:
சக வடமொழி, வாசம் வடமொழி. மீன் ஒன்றுதான் மிச்சம். அதையும் மின்னுவதால் மீன் என்று நான் சொல்ல, மாங்குளத்தார் வானத்து மீனுக்குப் போய்விடுவார், ஆகவே விடுகிறேன். தூய சொல் இருக்கும்போது ஏன் கடன்? முதல் நாள் விளங்காத சொல் மூன்றாம் நாள் விளங்கும். விளையாட்டுப் போட்டியில் எறிகிற டிஸ்கஸைப் பரிதிவட்டம் என்று சொல்லிப் பழகவில்லையா? உண்மையில் டிஸ்கஸையும் பரிதிமீன் என்றே எழுதலாம்.

வவுனியா:
சேர், தயவுசெய்து மீனின் பெயரை விட்டுவிடுங்கள், ஓடர் கொடுக்க ஏலாமல் போய்விடும்.

மாங்குளத்து அண்ணைக்கும் ஒன்று. ஒருநீர் என்று சொன்னால் ஏஞ்சல் மீனும் ஒருநீர்தான், அதுவும் அமேசன் பக்கம். ஆனால் தீனிக்கு முந்திக்கொள்ளும், ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று பலர் டிஸ்கஸோடு விடமாட்டார்கள். சிலர் விடுகிறார்கள், அது வேறு சண்டை. பிறகு இங்கே கனபேருடைய கிணற்றில் வருவது வன்னீர், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே அது. மழைத்தண்ணீரோ, ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பு நீக்கிய தண்ணீரோ கலந்துதான் டிஸ்கஸுக்குக் கொடுக்கிறோம். ஒருநீர் என்றால் அது எந்த நீர் என்று கேட்பார்கள்.

கிளிநொச்சி:
நன்றி எல்லோருக்கும். அச்சகத்தார் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்கள். தலைப்பில் 'கூட விடக்கூடிய மீன்கள்' என்றும், உள்ளே அடிக்கடி வரும் இடங்களில் 'இணக்க மீன்' என்றும் போடுகிறேன். இணக்கம் பெரும்பாலானவருக்குச் சம்மதம் போலத் தெரிகிறது, அல்லது களைத்துவிட்டீர்கள். மல்லாவி ரீச்சரின் குழப்பமும் வராது. நியோனைச் 'சேராதவை' பட்டியலுக்கு மாற்றிவிட்டேன், பிளெக்கோவுக்கு ஒரு எச்சரிக்கை வரி சேர்த்திருக்கிறேன்.

மாங்குளம்:
இணக்கம் சரி. ஒருநீரை அடைப்புக்குள் ஒருமுறையாவது போடலாமே.

முள்ளியவளை:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'கூட விடக்கூடிய மீன்கள்' என்பது சொல் இல்லை, வசனம். இணக்கத்தை நான் எதிர்க்கவில்லை, ஆனால் யாரோடு யார் இணங்குவது என்பதை அது சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது உடனுறையைப் பற்றி நீளமாக எழுதுவேன்.