லண்டனில் கவுன்சில் அனுப்பும் பி.சி.என்.: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் புதிதாகக் குடிவந்து கார் வாங்கியவர்கள் பலர் கேட்பது இது: "கவுன்சிலிலிருந்து 160 பவுண்ட் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு, லைசென்ஸுக்கு ஏதாவது ஆகுமா?"

ஆகாது. அந்தக் கடிதம்தான் பி.சி.என்., அதாவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். இது சிவில் அபராதம். லைசென்ஸில் தண்டனைப் புள்ளி ஏறாது, குற்றப் பதிவிலும் சேராது. வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் அனுப்புவது வேறு. அதில்தான் புள்ளி உண்டு. கடைக் கார் பார்க்கில் தனியார் கம்பெனி அனுப்பும் டிக்கெட்டும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதனால் அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள்.

கேமராவில் அதிகம் மாட்டுவது பஸ் லேன், வலப்பக்கம் திரும்பத் தடை, பள்ளிக்கூட நேரத்தில் மூடும் தெரு, சந்திப்பில் சாலைமேல் மஞ்சள் கோடுகளால் போட்டிருக்கும் மஞ்சள் கட்டம். மஞ்சள் கட்டத்தைத்தான் நம்மவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பச்சை விழுந்துவிட்டது என்று முன்னால் போகும் காரின் பின்னாலேயே நுழைகிறார்கள். அந்தக் கார் நின்றதும் இவர்கள் கட்டத்துக்குள் நிற்கிறார்கள். பச்சையாக இருந்தாலும், அந்தப் பக்கம் உங்கள் கார் நிற்க இடம் காலியான பிறகுதான் நுழைய வேண்டும். வலப்பக்கம் திரும்ப, எதிரே வரும் வண்டிகளுக்காக மட்டும் காத்திருந்தால் உள்ளே நிற்கலாம்.

14 நாளுக்குள் கட்டினால் பாதி, அதாவது 80 பவுண்ட். கட்டாமலும் பதில் எழுதாமலும் 28 நாள் போனால் தொகை ஒன்றரை மடங்காகி 240 ஆகும். அப்புறம் நார்தாம்ப்டன் நீதிமன்றத்தில் கடனாகப் பதிவாகும், கடைசியில் கடனை வசூலிக்கும் பெய்லிஃப் வீட்டுக்கு வருவார். அவருடைய கட்டணமும் உங்கள் தலையில்தான்.

கடிதம் போவது, வண்டிகளையும் லைசென்ஸையும் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் கார் யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கே. வாடகை வீடு மாறும்போது லைசென்ஸில் முகவரியை மாற்றிவிட்டு, காரின் லாக் புக்கை, அதாவது வி5சியை, அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஆன்லைனில் இலவசம், மாறிய அன்றே செய்துவிடுங்கள். கடிதமே கிடைக்காமல் பெய்லிஃப் வந்துவிட்டால், உடனே நார்தாம்ப்டனுக்கு அதற்குரிய படிவத்தை அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் நீதிமன்ற உத்தரவு ரத்தாகும், அபராதம் பழைய நிலைக்குத் திரும்பும்.

தப்பு உங்கள் மேல் இல்லையென்றால் கட்டிவிடாதீர்கள். கட்டினால் கேஸ் அதோடு முடிந்தது. கேமரா வீடியோவைக் கவுன்சில் இணையதளத்தில் பார்த்துவிட்டு, 14 நாளுக்குள் மறுப்பு எழுதுங்கள். உங்கள் மறுப்பைக் கவுன்சில் ஏற்காவிட்டாலும் பாதித் தொகைக்குப் பெரும்பாலும் இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். அதையும் வேண்டாமென்றால், கவுன்சிலைச் சாராத தீர்ப்பாயமான லண்டன் டிரிபியூனல்ஸில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. அங்கே தோற்றால் முழுத் தொகை கட்ட வேண்டியிருக்கும், அதை யோசித்துக்கொண்டு போங்கள்.