வியட்நாம் போர் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்களை உண்மையிலேயே விழுங்கியதா?

கேள்வி: இளவெயினி

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1964 ஜனவரியில் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். அடுத்த ஆண்டே முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆகிய மருத்துவத் திட்டங்கள் சட்டமாயின. அதே 1965-இல்தான் அமெரிக்கத் தரைப்படைகளும் வியட்நாமில் இறங்கின. இரண்டாவது போர் முதலாவதைக் கொன்றுவிட்டது என்றே படிக்கும் நூல்களிலெல்லாம் காண்கிறேன். ஆனால் அந்நாட்டு அரசின் கணக்குப்படி 1964-இல் 19 விழுக்காடாக இருந்த வறுமை, போர் உச்சத்தை எட்டிய காலத்தைக் கடந்து 1969-இல் 12.1 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. மெடிகேரும் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் போர் விழுங்கியது எதை? போருக்கு ஒரு டாலர் போனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாலர் குறையும் என்ற நேர்க்கணக்கு பொருந்துமா?

பதில்: நெடுவழி

பொருந்தும் என்றுதான் சொல்வேன். இதைச் சொன்னவர் போரை அறியாத சாதுவும் அல்லர், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஐசனோவர். 1953 ஏப்ரலில் ஆற்றிய உரையில், ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் நகருக்கொரு செங்கல் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1967 ஏப்ரல் 4 அன்று, நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோதும், ஆட்களையும் திறமையையும் பணத்தையும் வியட்நாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்வரை ஏழைகளின் மறுவாழ்வுக்கு வேண்டிய நிதி வரப்போவதில்லை என்பதே அவர் வாதமாக இருந்தது.

பதில்: மாறன்

நெடுவழி அவர்கள் காட்டிய இரு உரைகளும் அறத்தின் பக்கம் நின்று பேசுபவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இளவெயினி கேட்பது பணம் எந்த வழியாகப் போயிற்று என்பதை. அங்கே நேர்க்கணக்கு உதவாது.

மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டுக்கு ஊதியத்தில் பிடிக்கப்படும் தனி வரி உண்டு. அது தனி நிதியத்தில் சேர்கிறது. தகுதியுள்ள முதியவர் மருத்துவமனையில் சேர்ந்தால் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. வறுமை ஒழிப்புக்கென 1964-இல் தொடங்கப்பட்ட பொருளாதார வாய்ப்பு அலுவலகத்தின் நிலை வேறு. வேலைப் பயிற்சி, ஏழைகளுக்கான சட்ட உதவி, குடியிருப்புவாசிகளே நடத்தும் சமூகச் செயல்திட்டங்கள் ஆகிய அனைத்துக்கும் அது ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தின் ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நின்றது. அந்த ஒதுக்கீடு எந்த ஆண்டிலும் 200 கோடி டாலரைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. போரோ உச்சத்தில் ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் தின்றது.

இதைவிடப் பெரிய கேடு, போரின் செலவை மறைத்ததால் வந்தது. 1966 ஜனவரியில் அளித்த வரவு செலவுத் திட்டம், போர் 1967 ஜூன் 30-க்குள் முடிந்துவிடும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. சுமார் 1,000 கோடி என்று மதிப்பிட்ட செலவு கிட்டத்தட்ட இருமடங்காயிற்று. வரியை உயர்த்துங்கள் என்று பொருளாதார ஆலோசகர் குழுவின் தலைவர் கார்ட்னர் ஆக்லி 1965 இறுதியிலேயே சொல்லியிருந்தார். போருக்கென்று வரி கேட்டால், முதலில் உன் சமூகத் திட்டங்களை வெட்டு என்று எதிர்ப்பாளர்கள் பேரத்தில் இறங்குவார்கள் என்று அஞ்சி ஜான்சன் தள்ளிப்போட்டார். அந்த அச்சம் நியாயமானதே என்று பின்னால் தெரிந்தது. 1967 ஆகஸ்டில் அவர் 10 விழுக்காடு கூடுதல் வரி கேட்டபோது, வரிச் சட்டங்களைக் கையில் வைத்திருந்த குழுவின் தலைவர் வில்பர் மில்ஸ், செலவுக் குறைப்புக்கு உறுதி கிடைக்கும்வரை அதை நகரவிடவில்லை. 1968 ஜூனில் சட்டம் நிறைவேறியபோது, கூடவே 600 கோடி டாலர் செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்டளையும் வந்தது. அந்த நிதியாண்டின் பற்றாக்குறை ஏற்கனவே 2,500 கோடியைத் தொட்டிருந்தது.

பதில்: கடலோடி

மாறன் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த நகரச் சேரிகளில் எலிகளை ஒழிக்க இரண்டு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் கேட்டு ஜான்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். தூங்கும் குழந்தைகளை எலி கடிப்பது அங்கே அன்றாடச் செய்தியாக இருந்த காலம் அது. 1967 ஜூலை 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்குக்கூட எடுக்காமல் 207-க்கு 176 என்ற வாக்கில் தள்ளியது. உறுப்பினர்கள் எலியை வைத்துச் சிலேடை பேசிச் சிரித்தார்கள். நியூவார்க் நகரக் கறுப்பின மக்களின் கலவரம் ஓய்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. மூன்றாம் நாள் டெட்ராய்ட் நகரமும் கலவரத்தில் பற்றி எரிந்தது. மாறன் தரும் கணக்கில் பார்த்தால் 4 கோடி டாலர் என்பது ஒரு நாள் போர்ச்செலவுக்கும் குறைவு. எனவே பணம் இல்லாததால் மறுத்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கறுப்பின மக்களுக்குச் செலவழிக்க மனம் இல்லாதவர்களுக்கு, போரால் வந்த பற்றாக்குறை ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த நிதி அதே ஆண்டில் பிறகு ஒரு சுகாதாரச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிறைவேறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இளவெயினி

நன்றி. ஆனால் வறுமை குறைந்ததற்கு என்ன விளக்கம்? போர்க்காலத்தில் திட்டங்கள் பட்டினி கிடந்தன என்றால் அந்த 12.1 எப்படி வந்தது?

பதில்: மாறன்

விளக்கத்தின் ஒரு பகுதி கசப்பானது. 1966 முதல் 1969 வரை வேலையின்மை 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது. பொருளாதாரத்தின் அந்தச் சூட்டில் போர்ச்செலவுக்கும் பங்குண்டு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய உயர்வும் முதியோரைத் தூக்கிவிட்டது. அதற்குக் கொடுத்த விலை பின்னால் வந்தது: 1965-இல் 1.6 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1969-இல் 5.5 ஆனது.

போர் ஓய்ந்தபின் மிச்சமான பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால் என் கருத்து இன்னும் தெளிவாகும். மொத்த உற்பத்தியில் 9 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பாதுகாப்புச் செலவு பத்தாண்டுகளில் 5-க்குக் கீழே இறங்கியது. நிக்சன் காலத்தில், 1972-இல், சமூகப் பாதுகாப்புத் தொகை ஒரேயடியாக 20 விழுக்காடு உயர்த்தப்பட்டது. பொருளாதார வாய்ப்பு அலுவலகமோ 1970களின் நடுப்பகுதிக்குள் இல்லாமலே போய்விட்டது. சட்டப்படி உரிமை பெற்றவர்களே அமைதியின் பலனையும் பெற்றார்கள்.

பதில்: நெடுவழி

அப்படியானால் ஹெட் ஸ்டார்ட்டை என்ன சொல்வீர்கள், மாறன்? பள்ளி வயதுக்கு முந்தைய ஏழைக் குழந்தைகளுக்கான அந்தத் திட்டத்துக்குத் தனி வரியும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்குக் காத்திருந்த அதே வரிசையில்தான் அதுவும் நின்றது. ஆனாலும் 1969-இல் வேறு துறைக்கு மாற்றப்பட்டுத் தப்பியது, இன்றும் நடக்கிறது. நாடெங்கும் மையங்கள் இருந்தன, அவற்றில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் இருந்தனர், அவர்களுக்கு வாக்கும் இருந்தது. வரியைவிட அதுவே காத்தது என்று நான் நினைக்கிறேன்.